புனுகும் தாழையும்: அருணாசல புராண மரபில் முகர்தல் – மனித மோப்ப ஆய்வின் துணைகொண்டு ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மனிதனின் மோப்பப் புலன் விலங்குகளினதை நோக்கக் குன்றியது என்னும் கருத்து 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய உடற்கூற்றியலில் உருவாகி நிலைபெற்றது. நரம்பியல் அறிஞர் நோம் சோபெல் முதலியோரின் ஆய்வுகள் அக்கருத்தை அண்மைக் காலத்தில் அசைத்துள்ளன. முகர்தல் என்பது மூக்கிற்கு நேரும் நிகழ்ச்சி மட்டுமன்று, உடல் புரியும் செயலும் ஆகும் என்பது அவ்வாய்வுகளின் மையக் கண்டுபிடிப்பு. தமிழ்ச் சொல்வழக்கும் திருவண்ணாமலைத் தலபுராணக் கதைகளும் முகர்தலைச் செயலாகவே கொண்டு, அதற்குப் பொறுப்பும் தண்டனையும் வகுத்திருப்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: அருணாசல புராணம், வச்சிராங்கத பாண்டியன், முகர்தல், நாற்றம், புனுகு, நோம் சோபெல்

முன்னுரை

அண்ணாமலையை வலம்வருதலின் சிறப்பைக் கூறும் கதைகளுள் வச்சிராங்கத பாண்டியன் கதை பரவலாக அறியப்பட்டது. சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் அதற்கெனத் தனிச் சருக்கம் ஒன்றை வகுத்துள்ளது. வேட்டைக்கு வந்த பாண்டிய மன்னன் மணம் கமழும் விலங்கொன்றைக் கண்டு குதிரைமேல் அதனைத் துரத்துகிறான். விலங்கு மலையைச் சுற்றி ஓடுகிறது. குதிரையும் தொடர்ந்து ஓடுகிறது. வலம் முடிந்ததும் விலங்கும் குதிரையும் வீழ்ந்து இறந்து, சாபம் நீங்கிய வித்தியாதரர்களாக எழுகின்றன. மன்னன் மட்டும் மன்னனாகவே தரையில் கிடக்கிறான். அவன் தன் காலால் மலையை வலம் வரவில்லை என்பதே காரணம்.

இக்கதையை இதுகாறும் கிரிவலப் பெருமைக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்தாண்டு வந்துள்ளனர். கதையின் தொடக்கத்தில் இருக்கும் குற்றம் போதிய கவனம் பெறவில்லை. அது மூக்கு செய்த குற்றம். தமிழியல் ஆய்வில் கண்ணுக்கும் செவிக்கும் கிடைத்த இடம் மூக்கிற்குக் கிடைக்காமையின் ஒரு விளைவாகவே இதனைக் கொள்ள வேண்டும். சிற்பம், ஓவியம், இசை, கூத்து ஆகியவற்றிற்கு விரிந்த ஆய்வுமரபு உண்டு. மணத்திற்கு அவ்வாறில்லை. இப்புறக்கணிப்புக்குத் தமிழுக்கு வெளியேயும் ஒரு வரலாறு உண்டு. அதனை முதலில் காண்பது பொருத்தம்.

புரோக்காவின் தீர்ப்பு

ஐரோப்பியச் சிந்தனையில் மூக்கின் தகுதி 19ஆம் நூற்றாண்டுக்கு முன்பே தாழத் தொடங்கியிருந்தது. 1798இல் வெளிவந்த தம் மானிடவியல் நூலில் இம்மானுவேல் காண்ட், புலன்களுள் மிகக் குறைந்த நன்மை பயப்பதும் இழந்தாலும் பெரிதும் வருந்த வேண்டாததும் மோப்பமே என்ற பொருள்பட எழுதினார். அத்தீர்ப்புக்கு உடற்கூற்றியல் வடிவம் தந்தவர் பாரிசு நகர மருத்துவர் பால் புரோக்கா. மூளையில் பேச்சுக்குரிய பகுதியைக் கண்டறிந்தவர் என்று இன்றும் போற்றப்படுபவர் இவரே. பாலூட்டிகளை மோப்பத்தால் வாழ்பவை, மோப்பத்தைச் சாராதவை என இரண்டாகப் பிரித்த அவர் மனிதனை இரண்டாம் வகையில் வைத்தார்.

இப்பகுப்புக்கு அவர் மனிதரின் மோப்பத் திறனைச் சோதித்துப் பார்க்கவில்லை என்பது கருதத்தக்கது. அவர் அளந்தது மூளையின் வடிவத்தை மட்டுமே. மனித மூளையின் முன்மடல் பெரிது, மோப்பக் குமிழ் மூளையின் முழு அளவை நோக்கச் சிறிது. இவ்விரண்டையும் இணைத்து, மோப்பத்தின் பிடியிலிருந்து விடுபட்டமையால்தான் மனிதனுக்குச் சுதந்திரமான அறிவு வாய்த்தது என்று அவர் முடிவு கண்டார். மோப்பம் உள்ள விலங்கு மணம் இழுத்த வழியே செல்லும் அடிமை, மோப்பம் குன்றிய மனிதன் தன் விருப்பப்படி நடப்பவன் என்பது இதன் உட்பொருள். மனிதன் நிமிர்ந்து நடக்கத் தொடங்கியதால் மோப்பம் வலுவிழந்தது என்று 1930இல் ஃபிராய்டு எழுதியதும் இதே மரபின் தொடர்ச்சி எனலாம்.

ரட்கர்சு பல்கலைக்கழக நரம்பியலாளர் ஜான் மெக்கேன் 2017இல் சயின்சு இதழில் எழுதிய கட்டுரை இவ்வரலாற்றை ஆவணங்கள்வழி வெளிக்கொணர்ந்தது. மனிதனின் மோப்பக் குமிழ் மூளையின் விழுக்காட்டில்தான் சிறிதேயன்றித் தன்னளவில் சிறிதன்று என்றும், அதிலுள்ள நரம்பணுக்களின் எண்ணிக்கை பாலூட்டிகளிடையே பெரிதும் வேறுபடுவதில்லை என்றும் அவர் எடுத்துக்காட்டினார். லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் ஆகியோர் 1991இல் மணம் உணர் புரதங்களுக்குரிய மரபணுக்களைக் கண்டறிந்து, 2004இல் நோபல் பரிசு பெற்றனர். எலியிடம் செயல்படும் மரபணுக்கள் ஏறத்தாழ 1000, மனிதனிடம் ஏறத்தாழ 400 என்ற எண்ணிக்கையைக் காட்டி மனித மோப்பத்தைக் குறைத்துப் பேசுவோர் உளர். ஆயின் நம் கண்ணில் வண்ணங்களைப் பிரித்தறியும் கூம்பணு வகைகள் 3 மட்டுமே. அவற்றைக்கொண்டே எண்ணற்ற வண்ணங்களைக் காண்கிறோம். கருவிகளின் எண்ணிக்கை மட்டுமே திறனின் அளவாகாது.

சோபெலின் ஆய்வுகள்: முகர்தல் ஒரு செயல்

இத்துறையில் இக்கட்டுரையின் நோக்கத்திற்கு மிக நெருங்கியவை நோம் சோபெல் நடத்திய ஆய்வுகள். இவர் இசுரேலின் வைசுமன் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். இவருடைய ஆய்வுக்குழு அமெரிக்காவில் பெர்க்லியில் நடத்தி 2007இல் வெளியிட்ட சோதனை பரவலாகப் பேசப்பட்டது. புல்வெளியில் 10 மீட்டர் நீளத்திற்குச் சாக்லேட் மணமூட்டிய கயிறு இடப்பட்டது. கண்ணும் செவியும் மூடப்பட்டு, கையுறை அணிந்த மனிதர்கள் மண்டியிட்டு, மூக்கைத் தரையருகே வைத்து அதனைத் தொடர்ந்தனர். பங்கேற்றவர்களுள் மூன்றில் இரு பங்கினர் வெற்றி பெற்றனர். சில நாள் பயிற்சிக்குப் பின் அவர்களின் வேகம் கூடியது. நாயைப் போலவே அவர்களும் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து சென்றனர். நிமிர்ந்து நடக்கும் விலங்கு மூக்கைத் தரைக்குக் கொண்டுசெல்வதில்லை என்பதால் அத்திறன் வெளிப்படவில்லையே தவிர, அழிந்துவிடவில்லை.

இதனினும் நம் பொருளுக்கு இன்றியமையாதது 1998இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு. மணமற்ற காற்றை முகரும்போதும் மனிதரின் மோப்ப மூளைப்பகுதி விழிப்படைகிறது என்பதை அது காட்டியது. அதாவது உறிஞ்சுதல் என்னும் செயலே மோப்பத்தின் ஒரு பாதி. மணப்பொருள் மறு பாதி. மணம் கடுமையாகவோ வெறுக்கத்தக்கதாகவோ இருப்பின் உறிஞ்சுதல் தானே குறுகிவிடும். இம்மாற்றம் ஒரு நொடியின் ஆறில் ஒரு பங்கிற்குள்ளாகவே, சற்றேறக்குறைய 160 மில்லிநொடியில் நிகழ்வதாக 2003இல் இக்குழு அளந்து வெளியிட்டது. எண்ணிப் பார்த்து முடிவெடுப்பதற்கு முன்பே மூக்கு தன்னை அடைத்துக்கொள்கிறது.

எனவே முகர்தலில் தானியங்கும் கூறும் உண்டு, விருப்பின்பாற்பட்ட கூறும் உண்டு. விருப்பக் கூற்றின் வலிமையைச் சோபெல் குழு வேறொரு வகையில் காட்டியது. கைகால் அசைக்க இயலாத நோயாளிகள் மூக்கால் காற்றை உறிஞ்சும் அளவைக்கொண்டே எழுத்தெழுதவும் சக்கர நாற்காலியை இயக்கவும் உதவும் கருவியொன்றை 2010இல் அக்குழு வெளியிட்டது. மூளைக் காயத்தால் உணர்விழந்து கிடக்கும் நோயாளிகளிடம் மணத்திற்கேற்ப உறிஞ்சுதல் மாறுகிறதா என்று சோதித்த ஆய்வு 2020இல் நேச்சர் இதழில் வந்தது. அவ்வாறு மாறியவர்கள் பின்னர் உணர்வு மீளப்பெற்றனர். முகர்தலை அறிவுக்கும் சுதந்திரத்திற்கும் எதிராக நிறுத்திய புரோக்காவின் வரலாற்றில் இது எதிர்பாராத திருப்பம். உணர்வு இருக்கிறதா என்பதற்கு மூக்கே சாட்சியாகிவிட்டது.

மோத்தலும் நாறுதலும்

தமிழ்ச் சொல்வழக்குக்கு வருவோம். மணத்தின் வினைகளைத் தமிழ் இரண்டாகப் பிரித்தே வைத்துள்ளது. நாறுதல், மணத்தல், கமழ்தல் என்பன பொருளின் வினைகள். பூ நாறும், சந்தனம் மணக்கும், முல்லை கமழும். மோத்தல், முகர்தல் என்பன உயிரின் வினைகள். மணத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும் செயலையே இவை குறிக்கும். கண்ணிற்குக் காணுதலும் நோக்குதலும், செவிக்குக் கேட்டலும் உற்றுக்கேட்டலும் இருப்பினும், அவை இரண்டும் ஆளின் வினைகளே. மூக்கில் மட்டும் வினையின் எழுவாயே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரே வினை பூவுக்கும் ஆளுக்கும் பொதுவாக நிற்பதை நோக்கத் தமிழின் இப்பாகுபாடு தெளிவானது.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுக்கையில் உடலும் நாவும் பெற்றவற்றின் பின் மூக்குப் பெற்றவற்றை மூவறிவுயிராக வைத்து, கறையானையும் எறும்பையும் அதற்குச் சான்று காட்டுகிறது. கண்ணும் செவியும் அதன் பின்னரே வருகின்றன. இவ்வரிசையைப் புலன்களின் தரவரிசையாகக் கொள்ளலாகாது. ஒவ்வொன்றும் முன்னவற்றைத் தன்னுள் அடக்கி வளரும் அடுக்கு இது. மனிதனிடம் மூக்கு குன்றுகிறது என்ற கருத்துக்கு இதில் இடமே இல்லை. திருக்குறளின் 90ஆம் குறளில் வரும் அனிச்சமும் இங்கு நினைக்கத்தக்கது. முகர்ந்த அளவில் வாடும் பூ என்ற கற்பனை, முகர்தலுக்கு முகரப்படும் பொருளை மாற்றும் ஆற்றலைத் தருகிறது.

நாற்றம் என்ற சொல்லின் சரிவு அடிக்கடி பேசப்படுவதே. திருக்குறள் 27இல் அது புலனின் பொதுப்பெயர். 1274இல் மொட்டுக்குள் அடங்கிய நறுமணம். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் கர்ப்பூர மணத்திற்கு நாறு என்னும் வினையையே ஆள்கிறார். இன்று அச்சொல்லை ஒருவர் கூந்தலுக்குச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. துர்நாற்றம் என்ற கூட்டுச்சொல்லில் அடைமொழி தேவைப்பட்டதே நாற்றம் ஒருகால் நடுநிலையில் நின்றதற்குச் சான்று. மலையாளத்திலும் இச்சொல் தீமணத்தையே குறிக்கிறது. இச்சரிவுக்கு வடமொழியிலிருந்து வந்த வாசனை என்ற சொல் நல்ல பொருளைக் கவர்ந்துகொண்டதைக் காரணமாகச் சொல்வர். அது ஒரு பகுதிக் காரணமே என்று கருதுகிறேன். பழைய ஆங்கிலத்தில் நடுநிலையாக நின்ற வினையொன்றும் இன்று தீமணத்தை மட்டுமே குறிக்கிறது. நம் கண்முன்னே பேச்சுத்தமிழில் புகுந்த ‘ஸ்மெல்’ என்ற சொல்லும் அவ்வழியே செல்கிறது. ‘ஸ்மெல் வருது’ என்றால் யாரும் மல்லிகையைத் தேடுவதில்லை. மணங்களை மனிதர் பிரித்தறியும் முதன்மை அச்சு இனிமை–இன்னாமை என்பதே என்று சோபெல் குழு 2007இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு கூறுகிறது. மணத்தைப் பற்றிய சொல் எதுவும் நெடுங்காலம் நடுநிலையில் நிற்க முடியாமைக்கு இது பொருத்தமான விளக்கம். சொல்வரலாற்றாசிரியர் நரம்பியலிடமிருந்து பெறத்தக்க உதவி இத்தகையது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலேயத் தீபகற்பத்தின் சகாய் மக்கள் மணங்களை வண்ணங்களைப் போல எளிதாகப் பெயரிடுகின்றனர் என்று ஆசிஃபா மசீத், நிக்லசு புரென்ஹுல்ட் ஆகியோர் 2014இல் எழுதியதிலிருந்து, பிற மொழிகளில் மணத்திற்குத் தனிச்சொற்கள் இல்லை என்ற கருத்து வலுப்பெற்றது. தமிழை அம்மொழிகளோடு சேர்க்க இயலாது. கவிச்சி என்ற சொல் மீனுக்கும் பச்சை முட்டைக்கும் கழுவாத பாத்திரத்திற்கும் பொதுவானது. எந்தப் பொருளின் பெயரிலிருந்தும் அது பிறக்கவில்லை. நெடி மிளகாய்க்கும் உரியது, மருந்துக்கும் உரியது. முடை, வீச்சம், காந்தல், ஊசல் என்பன இன்றும் அடுக்களையில் வழங்குபவை. குறுந்தொகை 167இல் தாளிதத்தின் மணப்புகைக்குக் குய் என்ற தனிச்சொல்லே உண்டு. இவற்றைத் தொகுத்து ஆராய்வது அகராதியியலாருக்குக் காத்திருக்கும் பணி.

துருவாசரின் நந்தவனம்

இப்பாகுபாட்டோடு வச்சிராங்கதன் கதைக்குத் திரும்பலாம். வித்தியாதரர்களான காந்திசாலியும் கலாதரனும் துருவாச முனிவரின் பூந்தோட்டத்தில் புகுந்தனர். ஒருவன் தோட்டத்தைக் காலால் மிதித்துத் திரிந்தான். அவன் குதிரையாகச் சபிக்கப்பட்டான். மற்றவன் பூமணத்தின்மேல் ஆசைகொண்டு மயங்கினான். அவன் மணம் சுரக்கும் விலங்காகச் சபிக்கப்பட்டான். கால் செய்த குற்றத்திற்குக் காலே வாழ்வான பிறவி, மூக்கு செய்த குற்றத்திற்கு மணமே உடலான பிறவி.

இவ்விலங்கை வடமொழி மாகாத்மியத்தின்வழிக் கத்தூரி மானாகப் பொருள்கொள்வோர் உளர். தமிழில் வழங்கும் வடிவங்கள் பெரிதும் புனுகுப் பூனை என்கின்றன. கத்தூரி மான் இமயமலைச் சாரலுக்குரியது. புனுகுப் பூனை தமிழகக் காடுகளில் வாழ்வது. கதை அண்ணாமலைக்கு வந்து தங்கியபோது அதன் மூக்கும் இம்மண்ணுக்குரியதாயிற்று என்று கொள்வதே பொருந்தும். புனுகுப் பூனை தன் வாலடிச் சுரப்பியின் கசிவைக் கல்லிலும் கழியிலும் தேய்த்துச் செல்வது தன் இனத்திற்கு அது விடும் செய்தி. மனிதர் அக்கசிவைத் திருமேனிப் பூச்சாகக் கொண்டனர். திருமலை வேங்கடவன் திருமேனிக்கு வெள்ளிக்கிழமைத் திருமஞ்சனத்தின் பின் புனுகு சாத்தும் வழக்கம் யாவரும் அறிந்தது. செறிந்த நிலையில் புனுகு முகஞ்சுளிக்க வைக்கும். பெரிதும் நீர்த்த நிலையிலேயே அது நறுமணம். நாற்றம் என்ற சொல்லின் இரு பொருளும் ஒரே பொருளில் அடங்கிய இடம் இது. அதன் முதன்மைக் கூறான சிவெட்டோனின் கட்டமைப்பை லெயோபோல்டு ருசிச்கா 1926இல் கண்டறிந்தார்.

இதே புராணத்தின் புளகாதிபச் சருக்கமும் மணத்தைப் பற்றியதே. கத்தூரி மணத்தால் தெய்வ மகளிரை மயக்கிய அசுரன், தன் உடலை நீக்கும்போது தன் மணத்தை இறைவன் திருமேனியில் ஏற்றருள வேண்டுகிறான். ஒரே தலத்தின் புராணத்தில் மணத்தால் கெட்டவன் கதையும் மணத்தால் பிறரைக் கெடுத்தவன் கதையும் இடம்பெற்றிருப்பது தற்செயலன்று. இரண்டிலும் மணம் அழிக்கப்படவில்லை. உரிய இடத்தில் சேர்க்கப்படுகிறது.

இங்கே திருவாரூர் நிகழ்ச்சியொன்றை ஒப்பிட்டால் செய்தி தெளிவாகும். பெரியபுராணத்தில் கழற்சிங்க நாயனாரின் அரசி, பூமண்டபத்தின் அருகே வீழ்ந்து கிடந்த மலரை எடுத்து மோந்தாள். செருத்துணை நாயனார் அவள் மூக்கை அரிந்தார். காரணம் கேட்டறிந்த மன்னர், பூவை முதலில் எடுத்தது கையன்றோ என்று அவள் கையையும் வெட்டினார். இக்கொடுமையை இன்றைய வாசகர் எளிதில் கடந்துசெல்ல முடியாது. கடந்துசெல்லவும் வேண்டியதில்லை. தண்டிக்கப்பட்டவள் பெண் என்பதும், தண்டித்தோர் இருவரும் அடியார் வரிசையில் இடம்பெற்றனர் என்பதும் தனியே ஆராயத்தக்கவை. இங்கு நாம் காண வேண்டியது அத்தண்டனையின் தருக்கம். பூமண்டபத்தைக் கடந்து செல்லும் எவர் மூக்கிலும் பூமணம் ஏறவே செய்யும். அது குற்றமாகவில்லை. எடுத்ததும் மோந்ததுமே குற்றங்கள். அவையும் தனித்தனி உறுப்புகளின் குற்றங்களாகப் பிரித்து எண்ணப்படுகின்றன. துருவாசரின் தீர்ப்பும் காலையும் மூக்கையும் இதேபோலப் பிரித்தது. முகரப்பட்ட மலரைப் பூசைக்கு விலக்கும் மரபின் அடிப்படையும் இதுவே. முகர்தல் உண்ணுதலைப் போன்ற நுகர்ச்சி. முகர்ந்த பூ எச்சில். (ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையும் கண்ணப்பர் வாயால் சுவைத்துப் படைத்த ஊனும் ஏற்கப்பட்டமை வேறு கதை. விதி வலுவாக இருந்தமையால்தான் அவ்விலக்குகள் கதையாயின.)

புரோக்கா மோப்பத்தை விருப்பின் எதிர்நிலையில் வைத்தார். இக்கதைகள் மோப்பத்தை விருப்பின் பக்கம் வைக்கின்றன. முகர்பவன் தன் செயலுக்குப் பொறுப்பாளன். பொறுப்பு இருக்கும் இடத்தில்தான் தண்டனையும் விடுதலையும் உண்டு. இதனைக்கொண்டு நம் முன்னோர் 1998ஆம் ஆண்டு ஆய்வை முன்கூட்டியே அறிந்திருந்தனர் என்று எழுதுவது எளிது. அவ்வாறு எழுதும் கட்டுரைகள் பெருகியும் வருகின்றன. அது வரலாறாகாது. புராண ஆசிரியரின் வினா மூளையைப் பற்றியதன்று. இறைவனுக்குரியதை யார், எதனால் நுகர்ந்தார் என்பதே அவர் வினா. சோபெலின் ஆய்வுகள் நமக்குச் செய்யும் உதவி வேறு. மூக்கு செயலற்ற துளை என்ற எண்ணத்தோடு இக்கதைகளைப் படிப்போருக்கு, ஒரு பூவை மோந்ததற்கு இத்துணைத் தண்டனையா என்ற வியப்பு மட்டுமே மிஞ்சும். முகர்தலைச் செயலாகக் காணக் கற்றபின், கதையின் தருக்கம் அதன் சொற்களிலேயே புலப்படும்.

தீத்தலத்தில் மணம்

திருவண்ணாமலையின் தலவரலாற்றுக்கு மையமான அடிமுடி தேடிய கதையிலும் ஒரு மணமலர் நிற்கிறது. முடியைக் கண்டதாக நான்முகன் கூறிய பொய்க்குத் தாழம்பூ சாட்சி சொன்னது. அதனால் அது சிவபூசைக்கு விலக்காயிற்று. தாழையின் குற்றம் நாவின் குற்றம். ஆயினும் அதன் மணம் பறிக்கப்படவில்லை. மகளிர் கூந்தலுக்கும் குங்குமத்திற்கும் அது இன்றும் உரியது. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் அத்தர் வடிக்கத் திரட்டப்படுவதும் இதன் ஆண் மலரே. உத்தரகோசமங்கையில் தாழம்பூ சாத்தும் வழக்கமும் உண்டு. மணமிக்க மலர் மணத்தின் காரணமாக அன்றிச் சொல்லின் காரணமாக விலக்கப்பட்டது என்பதில், இம்மரபு மணத்தை ஐயத்திற்குரியதாகக் கருதவில்லை என்பது தெரிகிறது.

பஞ்சபூதத் தலங்களுள் அண்ணாமலை தீக்குரியது. சித்தாந்தம் ஏற்கும் தத்துவ முறையில் தீக்கு ஓசை, ஊறு, ஒளி என மூன்று குணங்களே உண்டு. நாற்றம் மண்ணுக்கு மட்டுமே உரியது. செருத்துணையார் கதை நிகழ்ந்த திருவாரூரும் காஞ்சியும் மண் தலங்கள். இம்முறைப்படி தீத்தலத்தில் நாற்றத்திற்கு இடமில்லை. நடைமுறையோ இதற்கு நேர்மாறு. முழுநிலா இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்போர் கண்ணை மூடிக்கொண்டாலும் எட்டு இலிங்கங்களின் அருகாமையை எரியும் கர்ப்பூரத்தால் அறிவர். கார்த்திகைத் தீபத்தில் மலையுச்சியின் கொப்பரையில் எரிவது நெய். தத்துவ முறை இதற்கும் விடை வைத்திருக்கிறது. எரிவது மண்ணின் கூறு, தீ அதனை வெளிப்படுத்துவது மட்டுமே. கோட்பாட்டுக்கும் வழிபாட்டுக்கும் இடையே மூக்கு நிற்கும் இவ்விடத்தைச் சித்தாந்த உரைகளைக்கொண்டு மேலும் விரிவாக ஆராயலாம்.

வாசனை என்னும் சொல்

1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த இரமணர், சிவப்பிரகாசம் பிள்ளையின் வினாக்களுக்கு 1901–1902 அளவில் தந்த விடைகளிலிருந்து உருவான ‘நான் யார்?’ என்னும் சிறு நூலில் விடய வாசனை என்ற தொடர் மையமானது. உள்ளத்தில் படிந்து மீண்டும் மீண்டும் எழும் பழைய பற்றுகளை அது குறிக்கும். வடமொழித் தத்துவ நூல்களில் நெடிய வரலாறுடைய இக்கலைச்சொல்லின் அடியில் இருப்பது மணத்தின் உருவகமே. பூவோடு கிடந்த எள் பூமணம் ஏற்பதுபோல் உள்ளமும் பட்டதன் மணத்தை ஏற்கிறது என்பது பௌத்த யோகாசார மரபு காட்டும் விளக்கம். பூவோடு சேர்ந்த நாரைப் பற்றிய தமிழ்ப் பழமொழியும், பெருங்காயம் வைத்த பாண்டத்தைப் பற்றியதும் இதே கருத்தை அடுக்களை மொழியில் சொல்கின்றன.

ஒரு பொருளோடு முதன்முதலில் இணைந்த மணம் பின்னர் இணைந்தவற்றினும் ஆழமாக மூளையில் பதிகிறது என்று யாரா யெசுருன், சோபெல் முதலியோர் 2009இல் வெளியிட்டனர். மோப்ப நரம்பின் செய்தி பிற புலன்களைப் போலத் தலாமசு வழியாகச் செல்லாமல் நினைவுக்கும் உணர்ச்சிக்கும் உரிய பகுதிகளை நேராக அடைவதும் தெரிந்ததே. இவ்வாய்வுக்கும் இரமணர் சொல்லுக்கும் பாலம் கட்டத் தேவையில்லை. பதிந்த பற்றைப் பெயரிட மரபு ஏன் ஒளியிலிருந்தோ ஓசையிலிருந்தோ சொல்லெடுக்காமல் மணத்திலிருந்து எடுத்தது என்ற வினாவை எழுப்புவதற்கு மட்டும் அது பயன்படும். அவ்வினாவுக்கு விடை சொல்லத் தத்துவ நூல்களினும் அண்ணாமலையார் கோயிலின் அன்றாட வழிபாடே உதவும். புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1990இல் வெளியிட்ட இக்கோயில் கல்வெட்டுத் தொகுதி விளக்கு, நிலம், பொன் என்ற கண்ணோட்டத்திலேயே பெரிதும் படிக்கப்பட்டு வந்துள்ளது. சந்தனம், கர்ப்பூரம், திருநந்தவனம் என்ற வரிசையில் அதனை மீண்டும் படித்துத் தொகுப்பதே இவ்வாய்வின் அடுத்த கட்டம்.